லாஸ் வேகஸை வளர்த்தது கும்பலா, சட்டமா, கடனா? (விவாத இழை)

பாலைநிலவன்

லாஸ் வேகஸ் பேச்சை எடுத்தாலே பக்சி சீகல் என்ற குற்றக் கும்பல்காரரின் பெயரைச் சொல்லி, பொட்டல் மணலில் அவர்தான் நகரத்தை எழுப்பினார் என்று முடித்துவிடுகிறார்கள். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே இந்தக் கதை பாதி உதிர்ந்துவிடும்.

ரயில்வே கம்பெனி மனை ஏலம் விட்டு ஊர் பிறந்தது 1905 மே மாதம். நெவாடா சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது 1931 மார்ச் 19. அதே ஆண்டு பக்கத்தில் ஹூவர் அணை வேலை தொடங்கியது. 1930 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 5,165. நெடுஞ்சாலை 91 ஓரமாக, நீச்சல்குளத்தோடு எல் ராஞ்சோ வேகஸ் என்ற கேசினோ ஓட்டல் திறந்தது 1941 ஏப்ரலில். கட்டியவர் தாமஸ் ஹல் என்ற ஓட்டல்காரர். அடுத்த ஆண்டே லாஸ்ட் ஃப்ரான்டியர் வந்துவிட்டது. சீகலின் ஃபிளமிங்கோ திறந்தது 1946 டிசம்பர் 26-ல்தான். அதையும் அவர் தொடங்கவில்லை. ஹாலிவுட்டில் பத்திரிகை நடத்திய பில்லி வில்கர்சன் அஸ்திவாரம் போட்டு, பாதியில் பணம் தீர்ந்துபோய், கும்பலின் பணத்தை வாங்கியதால் கட்டடமும் கைமாறிப் போனது.

ஆகவே கேள்வி இதுதான். குற்றக் கும்பல்கள் இந்த நகரத்துக்குக் கொடுத்தது துல்லியமாக என்ன? எடுத்துக்கொண்டது என்ன?

கல்லாப்பெட்டி

கொடுத்தது இரண்டு: தொழில் தெரிந்த ஆட்கள், வேறெங்கும் கிடைக்காத முதலீடு. முதலில் ஆட்கள்.

1931-க்குப் பிறகு சூதாட்டக்கூடம் நடத்த முழு அனுமதி தந்த மாநிலம் நெவாடா ஒன்றுதான். மற்ற மாநிலங்களில் பகடை மேசையும் சீட்டு மேசையும் நடத்தத் தெரிந்தவன் என்றாலே அவன் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி. எனவே அனுபவசாலி வேண்டும் என்றால் அப்படிப்பட்டவனைத்தான் கூப்பிட வேண்டும். 1938 வாக்கில் லாஸ் ஏஞ்சலிஸில் மேயர் மாறி, சூதாட்டக் கிளப்புகளுக்கு நெருக்கடி வந்ததும் கய் மெக்காஃபி என்பவர் இங்கே வந்தார். அவர் அந்த ஊரின் போலீஸ் அதிகாரியாக இருந்து கிளப் முதலாளி ஆனவர். டல்லஸில் ஆதரவான ஷெரீஃப் தோற்றதும் பென்னி பினியன் வந்தார். 1950-51-ல் குற்றக் கும்பல்கள் பற்றிக் கெஃபாவர் செனட் குழு ஊர் ஊராகப் போய் விசாரித்தபோது பல மாநிலங்களில் ரகசியக் கூடங்களை இழுத்து மூடினார்கள். அங்கிருந்த டீலர்களும் (மேசையில் ஆட்டம் நடத்துபவர்கள்) பிட் பாஸ்களும் (மேசைகளின் மேற்பார்வையாளர்கள்) மூட்டை கட்டிக்கொண்டு வந்த இடம் வேகஸ். 1959 ஜனவரியில் புரட்சி வென்ற பிறகு ஹவானாவின் கேசினோக்கள் ஒடுங்கியபோதும் இதே கதைதான்.

சட்டத்தை நெவாடா போட்டது. தொழில் தெரிந்தவர்களை மற்ற மாநிலங்களின் போலீஸ் அனுப்பிவைத்தது.

தொழில் ஞானம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஃபிளமிங்கோவின் திறப்பு விழாவே சாட்சி. ஆரம்பத்தில் 12 லட்சம் டாலர் என்று போட்ட திட்டம் சுமார் 60 லட்சத்தில் போய் நின்றது. போர் முடிந்த கையோடு சிமென்ட், குழாய், மரம் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. போதாததற்குச் சீகல் வரைபடத்தை மாற்றிக்கொண்டே இருந்தார். கேசினோ தயார், ஆனால் தங்கும் அறைகள் தயாராகவில்லை. அப்படியே திறந்தார். இதில்தான் அடி விழுந்தது.

கேசினோவின் சாதகம் ஒவ்வொரு ஆட்டத்திலும் சிறு சதவீதம்தான். ஒரே இரவில் ஒரு வாடிக்கையாளர் ஜெயித்துவிடலாம். அவர் மாடியில் தூங்கி, காலையில் எழுந்து மறுபடி மேசைக்கு வந்தால்தான் அந்தச் சதவீதம் வேலை செய்து பணம் திரும்பும். ஃபிளமிங்கோவில் ஜெயித்தவர்கள் சிப்பை (பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லை) பணமாக்கிக்கொண்டு எல் ராஞ்சோவுக்கும் லாஸ்ட் ஃப்ரான்டியருக்கும் தூங்கப் போனார்கள். மீதியை அங்கேயே ஆடித் தீர்த்தார்கள். ஜனவரி இறுதியில் மூடி, அறைகளை முடித்து, 1947 மார்ச் 1-ல் மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. ஜூன் 20-ல் சீகலைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். லாபக் கணக்கு சீரானது அவருக்குப் பிறகு பொறுப்பேற்ற கஸ் கிரீன்பாம் காலத்தில்தான்.

தென்திசை

ஒரு சந்தேகம். லாபம் கொட்டும் தொழில் என்று ஊருக்கே தெரிகிறது. வங்கிகள் ஏன் கடன் தரவில்லை? கும்பல் பணம்தான் வேண்டும் என்ற நிலை எப்படி வந்தது?

வட்டிக்கணக்கு

தென்திசை, இந்த இழையின் மையமே நீங்கள் கேட்டதுதான். இரண்டு பூட்டுகள் இருந்தன.

முதல் பூட்டு, அடமானம். கேசினோ கட்டடத்தின் மதிப்பு அதன் லைசென்ஸில் இருக்கிறது. லைசென்ஸை மாநிலம் எந்த நாளும் ரத்து செய்யலாம். ரத்தானால் வங்கியின் கையில் மிஞ்சுவது பாலைவனத்தில் ஒரு பெரிய காலி ஓட்டல். இதோடு பெயர் கெடும் பயமும் சேர்ந்ததால் பெரிய வங்கிகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் ஒதுங்கிக்கொண்டன. 1950-களின் நடுவில் பேங்க் ஆஃப் லாஸ் வேகஸ் என்ற சிறு வங்கியில் பாரி தாமஸ் துணிந்து கேசினோக்களுக்குக் கடன் கொடுத்தார். ஆனால் ஓட்டல் கோபுரம் எழுப்பும் அளவுக்கு அந்த வங்கியிடம் பணம் இல்லை.

இரண்டாவது பூட்டைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. கேசினோவில் பங்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியே லைசென்ஸ் வாங்க வேண்டும் என்பது அன்றைய நெவாடா விதி. ஆயிரக்கணக்கான பங்குதாரர்கள் உள்ள பொதுக் கம்பெனிக்கு இது நடக்கிற காரியமா? கும்பலை வெளியே நிறுத்தப் போட்ட விதி, பங்குச்சந்தைப் பணத்தையும் சேர்த்து வெளியே நிறுத்திவிட்டது. சுத்தமான பெரும்பணம் உள்ளே வர வழியில்லை. கறுப்புப் பணம் மட்டும் பினாமி வழியாக எளிதாக வந்தது.

டெஸர்ட் இன் என்ற கேசினோ ஓட்டலின் கதையைப் பாருங்கள். வில்பர் கிளார்க் தொடங்கினார், பணம் தீர்ந்தது, வேலை நின்றது. கிளீவ்லேண்டிலிருந்து மோ டாலிட்ஸ் கூட்டம் வந்து முடித்துக் கொடுத்தது. 1950 ஏப்ரல் 24-ல் திறந்தபோது வாசலில் கிளார்க்கின் பெயர்தான், ஆனால் பெரும்பங்கு கிளீவ்லேண்டுக்கு. வில்கர்சனுக்கு நடந்ததும் இதுதான். கனவு ஒருவருடையது, பாதியில் நிற்கும் கட்டடம், முடித்துக் கொடுப்பவன் கையில் சாவி. 1940-களில் தொடங்கி இதே வார்ப்பு திரும்பத் திரும்ப வருகிறது.

பிறகு வந்தது டீம்ஸ்டர்ஸ் லாரி ஓட்டுநர் சங்கத்தின் சென்ட்ரல் ஸ்டேட்ஸ் ஓய்வூதிய நிதி. 1955-ல் சங்கத் தலைவர் ஜிம்மி ஹோஃபா அமைத்தது. ஒவ்வொரு தொழிலாளியின் பெயரிலும் முதலாளிகள் வாரா வாரம் கட்டிய பணம். அதிலிருந்து வேகஸில் முதலில் கடன் வாங்கியது கேசினோ இல்லை, சன்ரைஸ் மருத்துவமனை. அதற்குப் பின்னாலும் டாலிட்ஸ் இருந்தார். 1966 ஆகஸ்டில் திறந்த சீசர்ஸ் பேலஸ், 1968-ன் சர்க்கஸ் சர்க்கஸ் எல்லாம் இந்த நிதியில் எழுந்தவை. உச்சம் 1974. ஸ்டார்டஸ்ட்டையும் ஃப்ரீமான்டையும் வாங்க, கேசினோ அனுபவமே இல்லாத ஆலன் கிளிக் என்ற இளம் ரியல் எஸ்டேட்காரருக்கு 6 கோடியே 27.5 லட்சம் டாலர் கடன். நிதியின் அறங்காவலர்கள் மீது கன்சாஸ் சிட்டி, மில்வாக்கி, சிகாகோ, கிளீவ்லேண்ட் கும்பல்களுக்கு இருந்த பிடிதான் அந்தக் கையெழுத்தை வாங்கிக் கொடுத்தது. கடனுக்கு அவர்கள் வட்டி கேட்கவில்லை. கல்லாவில் கைவைக்கும் உரிமையைக் கேட்டார்கள்.

பாலைநிலவன்

வட்டிக்கணக்கு, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு எதிர்ப்பக்கம் உண்டு. அணை மின்சாரமும் தண்ணீரும் கொடுத்தது மத்திய அரசு. 1941-ல் விமானப்படைத் துப்பாக்கிச் சுடும் பயிற்சிப் பள்ளி, போர்க்காலத்தில் ஹெண்டர்சனில் மெக்னீசியம் ஆலை, 1951 முதல் அணுகுண்டுச் சோதனைத் தளம். இந்தச் சம்பளப் பணமெல்லாம் ஊருக்குள்தான் செலவானது. நெவாடாவின் இன்னொரு நகரமான ரீனோவில் ஹரால்ட்ஸ் கிளப்பும் பில் ஹாராவும் எந்தக் கும்பலும் இல்லாமல் அழகாகத் தொழில் நடத்தினார்கள். கும்பல் இல்லாவிட்டாலும் வேகஸ் வளர்ந்திருக்கும்.

வட்டிக்கணக்கு

வளர்ந்திருக்கும், சரி. இந்த வேகத்தில் வளர்ந்திருக்குமா என்பதில்தான் நாம் பிரிகிறோம். வேகஸ் அடங்கிய கிளார்க் கவுண்டியின் (மாவட்டம் போன்றது) மக்கள்தொகை 1950-ல் 48,289, 1960-ல் 1,27,016, 1970-ல் 2,73,288. இருபதே ஆண்டில் ஐந்தரை மடங்கு. 1950-களில் மட்டும் சாண்ட்ஸ், சஹாரா, ரிவியரா, டியூன்ஸ், டிராபிகானா, ஸ்டார்டஸ்ட் என்று வரிசையாக எழுந்தன. ரீனோ நீங்கள் சொன்னபடி ஒழுங்காக நடந்தது, ஆனால் கேசினோக்களை நகர மையத்துக்குள் அடக்கி வைத்தது. வேகஸின் ஸ்ட்ரிப், அதாவது நெடுஞ்சாலை ஓரக் கேசினோ வரிசை, நகர எல்லைக்கே வெளியே, கவுண்டி நிலத்தில், வரம்பில்லாமல் நீண்டது.

சீட்டுக்கட்டு

கல்லாவில் கைவைத்தார்கள் என்று எல்லாரும் ஒரே வரியில் தாண்டிப் போகிறீர்கள். அது நடைமுறையில் எப்படி நடந்தது? லைசென்ஸ் உள்ள இடம், மாநில ஆய்வாளர்கள் வருகிறார்கள், தணிக்கை இருக்கிறது. கல்லாப்பெட்டி அண்ணே, கொஞ்சம் விளக்குங்கள்.

கல்லாப்பெட்டி

முதலில் ஏன் திருட வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். கன்சாஸ் சிட்டியில் உட்கார்ந்திருக்கும் மறைமுக முதலாளிக்கு லைசென்ஸ் கிடையாது. ஆகவே அவர் பெயருக்கு லாபப் பங்கு போட முடியாது. அவருக்கு வாய்மொழியாக இத்தனை பாயிண்ட் என்று இருக்கும். அந்தப் பாயிண்ட்டுக்கு உரியதைக் கணக்கில் ஏறுமுன்பே எடுத்தாக வேண்டும். ஸ்கிம் என்பார்கள், பாலில் ஆடை எடுப்பதுபோல. தன் சொந்தக் கடையிலேயே திருடுவது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். வேறு வழியில் அவருக்கு லாபம் போய்ச் சேராது.

அன்றைய மேசைக் கணக்கு இப்படி. ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் பூட்டிய பெட்டி ஒன்று. ஆடுபவர் நோட்டை நீட்டினால் டீலர் சிப் கொடுத்துவிட்டு நோட்டைத் துடுப்புப் பலகையால் இடுக்குவழியே பெட்டிக்குள் தள்ளுவார். ரசீது கிடையாது. கவனியுங்கள், அந்தப் பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணும் அறையில் திறந்து எண்ணும்வரை உலகத்தில் யாருக்கும் தெரியாது. எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு ஒரு பெட்டி, நாளுக்கு மூன்று.

மேசையின் வரவு காணும் முறை: பெட்டியில் உள்ள பணம், கடன் சீட்டு, ஷிஃப்ட் முடிவில் மேசையில் உள்ள சிப், இவற்றைக் கூட்டி, ஆரம்பத்தில் இருந்த சிப்பையும் இடையில் கேஷ் கூண்டிலிருந்து (சிப்பும் பணமும் மாற்றும் காசாளர் இடம்) வந்த சிப்பையும் கழிக்க வேண்டும். உதாரணக் கணக்கு: ஆரம்பச் சிப் 20,000, இடையில் வந்தது 5,000, முடிவில் 18,000, பெட்டியில் 11,000. வரவு 4,000.

இதில் ஓட்டை இரண்டு. ஒன்று, எண்ணும் அறையில் எண்ணுவதற்கு முன்பே பெட்டியிலிருந்து நோட்டுக்கட்டை உருவிக்கொள்வது. காகிதத் தடயமே இருக்காது. ஆனால் வேறொரு இடத்தில் தடயம் விழும். பெட்டியில் விழுந்த பணத்தில் எத்தனை சதவீதம் வரவாக நிற்கிறது என்ற விகிதத்தை மாநிலத் தணிக்கையாளர்கள் பார்ப்பார்கள். நிஜத்தில் 1,00,000 விழுந்து 20,000 வரவு என்றால் 20 சதவீதம். அதில் 5,000 உருவினால் 95,000-க்கு 15,000, அதாவது 15.8 ஆகிவிடும். ஒரு நாள் இப்படி இறங்கினால் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். மாதக்கணக்கில் பக்கத்துக் கேசினோவைவிடக் குறைந்தே நின்றால் கேள்வி வரும். அதனால் கை தேர்ந்தவர்கள் பேராசைப்படாமல் அளந்து எடுத்தார்கள். மாட்டியவர்களில் பெரும்பாலோர் அளவு மீறியவர்கள்.

இரண்டாவது ஓட்டை, பொய்யான சிப் வரவுச் சீட்டு. மேசைக்கு 1,000 டாலர் சிப் போனதாகச் சீட்டு எழுதுவார்கள், ஆனால் சிப் மேசைக்குப் போகாது. அதை ஒரு ஆள் கூண்டில் கொடுத்துப் பணமாக்கிக்கொள்வான். மேல் கணக்கில் வரவு 4,000 என்பது 3,000 ஆகும், காகிதம் முழுக்கக் கச்சிதமாக இருக்கும். ஆனால் சீட்டில் டீலர், பிட் பாஸ், கேஷியர் என்று பலரின் கையெழுத்து வேண்டும். பங்காளி எண்ணிக்கை கூடினால் வாய்களும் கூடும்.

நாணயத்தார்

ஸ்லாட் மெஷின் பக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன், அதுதான் எடைபோடும் தொழில்.

கால் டாலர் நாணயம் ஒன்று 5.67 கிராம். 1,000 டாலர் என்றால் 4,000 நாணயம், 22.68 கிலோ. லட்சக்கணக்கில் வருவதை விரல்விட்டு எண்ண முடியாது, தராசில் நிறுத்து டாலராக மாற்றுவார்கள். ஸ்டார்டஸ்ட்டில் அந்தத் தராசை மூன்றில் ஒரு பங்கு குறைவாகக் காட்டும்படி மாற்றி வைத்திருந்தார்கள். 1,000 டாலர் வைத்தால் 667 சொச்சம் பதிவாகும்.

அடுத்த பிரச்சினை பாரம். 3 லட்சம் டாலரை நாணயமாக வெளியே எடுக்க வேண்டுமானால் 6,800 கிலோ. லாரி வேண்டும். அதனால் திருடிய நாணயத்தைக் கேசினோவுக்குள்ளேயே கணக்கில் வராத ஒரு துணைச் சில்லறை நிலையத்தில் வைத்து, ஆட வந்தவர்களுக்கே நோட்டுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். நோட்டு மட்டும் தனிப் பெட்டிக்குப் போனது. 1976 மே மாதம் மாநிலக் கட்டுப்பாட்டு வாரிய ஆட்கள் திடீர்ச் சோதனை போட்டபோது இந்தத் துணைக் கல்லாதான் காட்டிக்கொடுத்தது. கிளிக்கின் கேசினோக்களில் ஒன்றரை ஆண்டில் சுமார் 70 லட்சம் டாலர் இப்படிப் போனதாகக் கணக்கிட்டார்கள். பொறுப்பில் இருந்த ஜே வாண்டர்மார்க் தலைமறைவானவர்தான், விசாரணைக்கு வரவே இல்லை.

தென்திசை

இவ்வளவு பகிரங்கமாக நடந்தும் மாநிலம் ஏன் பல்லாண்டு சும்மா இருந்தது?

வட்டிக்கணக்கு

முழுக்கச் சும்மா இருக்கவில்லை. 1955-ல் கட்டுப்பாட்டு வாரியம், 1959-ல் அதற்கு மேல் ஆணையம், 1960-ல் 11 பேர் கொண்ட கறுப்புப் பட்டியல். பட்டியலில் இருப்பவர் கேசினோ வாசலை மிதித்தாலே லைசென்ஸ்காரருக்கு ஆபத்து. ஆனால் மாநில வருமானம் எதை நம்பியிருந்தது என்று பாருங்கள். 1955-க்குப் பிறகு மொத்த வரவின் மீது அதிகபட்சம் 5.5 சதவீத வரி. 10 லட்சம் டாலர் திருடு போனால் மாநிலத்துக்கு நட்டம் 55,000. மத்திய அரசுக்கோ நிறுவன வரியில் ஏறத்தாழ பாதி நட்டம். ஆகவே வருமானவரித் துறைக்கும் எஃப்.பி.ஐ.க்கும் வந்த கோபம் மாநிலத் தலைநகரான கார்சன் சிட்டிக்கு வரவில்லை. கேசினோக்களை முடக்கினால் பள்ளிக்கூடமும் சாலையும் நின்றுவிடும் என்ற பயமும் இருந்தது. எனக்கு இது மன்னிக்கக்கூடிய பயமாகப் படவில்லை.

மறைமுக முதலாளிகள் யார் என்பதற்கு அத்தாட்சியும் தெருவிலேயே கிடந்தது. 1957 மே 2-ல் நியூயார்க்கில் கும்பல் தலைவர் ஃபிராங்க் காஸ்டெல்லோவைச் சுட்டார்கள். பிழைத்துக்கொண்டார். மருத்துவமனையில் அவர் கோட்டுப் பையிலிருந்து போலீஸ் எடுத்த துண்டுச்சீட்டில் ஏப்ரல் 27 வரையிலான கேசினோ மொத்த வரவு 6,51,284 டாலர் என்று எழுதியிருந்தது. புதிதாகத் திறந்த டிராபிகானாவின் கணக்கோடு அது அப்படியே பொருந்தியது.

சீட்டுக்கட்டு

ஆனாலும் அந்தக் காலம்தான் நன்றாக இருந்தது, சாப்பாடு மலிவு, அறை மலிவு, முதலாளிக்கு வாடிக்கையாளர் பெயர் தெரியும் என்று பலர் சொல்கிறார்களே?

நாணயத்தார்

மலிவுக்குக் காரணம் அன்பு அல்ல, கணக்கு. அறை, சாப்பாடு, பாட்டுக் கச்சேரி எல்லாமே ஆளை மேசைக்கு இழுக்கும் தூண்டில் புழு. அதில் நட்டம் வந்தாலும் பகடை மேசை ஈடுகட்டிவிடும். பின்னாளில் கம்பெனிகள் ஒவ்வொரு பிரிவும் தனித்தனியே லாபம் காட்ட வேண்டும் என்றதும் விலை ஏறியது.

யாருக்கு நன்றாக இருந்தது என்பதையும் கேட்க வேண்டும். ஸ்ட்ரிப் மேடைகளில் பாடிய கறுப்பினக் கலைஞர்களுக்கு அதே ஓட்டலில் அறை கிடையாது. பாட்டு முடிந்ததும் கறுப்பினத்தவர் வாழ்ந்த வெஸ்ட்சைடு பகுதியின் வாடகை அறைக்குப் போக வேண்டும். 1960 மார்ச் 26-ல், ஊர்வலம் நடத்துவோம் என்று எச்சரித்த பிறகுதான் மூலான் ரூஜ் ஓட்டலில் பேச்சுவார்த்தை நடந்து தடை விலகியது. ரிவியராவை நடத்திய கஸ் கிரீன்பாமையும் அவர் மனைவியையும் 1958 டிசம்பரில் ஃபீனிக்ஸ் வீட்டில் கழுத்தறுத்துப் போட்டார்கள். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுதுபவர்கள் இவற்றையும் சேர்த்து எழுதட்டும்.

பாலைநிலவன்

கும்பல் ஆட்சி முடிவுக்கு வந்தது கோடீஸ்வரர் ஹவர்ட் ஹியூஸால் என்று ஒரு கட்சி உண்டு. 1966 நவம்பரில் டெஸர்ட் இன்னின் மேல்தளத்தில் தங்க வந்தவர், காலி செய்யச் சொன்னதும் அடுத்த ஆண்டு ஓட்டலையே வாங்கினார், பிறகு வரிசையாக மற்றவற்றையும்.

வட்டிக்கணக்கு

ஹியூஸ் வந்ததால் கேசினோத் தொழிலுக்கு மரியாதை வந்தது. கதவைத் திறந்தது 1967-லும் 1969-லும் வந்த நிறுவனச் சட்டத் திருத்தங்கள். எல்லாப் பங்குதாரருக்கும் லைசென்ஸ் வேண்டாம், முக்கியமானவர்களுக்குப் போதும் என்று விதி மாறியது. ஹில்டன் போன்ற கம்பெனிகள் உள்ளே வந்தன. பங்குச்சந்தைப் பணம் வந்தபிறகு ஓய்வூதிய நிதிக் கடனுக்கு அவசியம் இல்லாமல் போனது. 1974-ல் வந்த மத்திய ஓய்வூதியச் சட்டம் அந்த நிதியையும் கட்டிப்போட்டது.

ஆனால் உள்ளே இருந்தவர்களை வெளியேற்றியது எஃப்.பி.ஐ.தான். 1978-ல் கன்சாஸ் சிட்டியில் வில்லா காப்ரி என்ற உணவகத்தில் ஒலிவாங்கி வைத்தது உள்ளூர்க் கொலைகளை விசாரிக்க. காதில் விழுந்தது வேகஸ் கேசினோப் பேச்சு. 1979 பிப்ரவரியில் டிராபிகானா பணம் 80,000 டாலரோடு ஒரு தூதரைக் கன்சாஸ் சிட்டி விமான நிலையத்தில் பிடித்தார்கள். 1983-ல் டிராபிகானா வழக்கிலும், 1986 ஜனவரியில் ஸ்டார்டஸ்ட் வழக்கிலும் தண்டனை வந்தது. ஸ்டார்டஸ்ட் வழக்கில் ஆலன் கிளிக் சாட்சிக் கூண்டில் ஏறினார். சிகாகோ தலைவர்கள் ஜோ அயூப்பா, ஜாக்கி செரோன் இருவரும் சிறைக்குப் போனார்கள்.

கல்லாப்பெட்டி

இடையில் ஒன்று விட்டுப்போயிற்று. 1979-ல் கிளிக் விலகி, ஸ்டார்டஸ்ட் வேறு கைக்குப் போன பிறகும் ஸ்கிம் நிற்கவில்லை. தராசு போய்ப் பொய்ச் சிப் சீட்டு வந்தது. நான் மேலே சொன்ன இரண்டாவது ஓட்டை அதுதான். 1983-ல் மாநிலம் பாய்ட் குழுமத்தைக் கூப்பிட்டுக் கேசினோவை நடத்தச் சொன்னது. பழைய நிர்வாகத்துக்கு 30 லட்சம் டாலர் அபராதம். 1985-ல் பாய்ட் அதை வாங்கியே விட்டது.

தென்திசை

அந்தக் கட்டடங்களில் இப்போது பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

நாணயத்தார்

ஃபிளமிங்கோவில் சீகல் காலத்துக் கட்டடங்களில் கடைசியாக இருந்ததை 1993-ல் இடித்தார்கள். ஸ்டார்டஸ்ட் 2007 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்ப்பு, டிராபிகானா 2024 அக்டோபரில். ஃப்ரீமான்ட் தெருவில் 1941-ல் திறந்த எல் கார்டெஸ் இன்னும் கேசினோவாகவே இயங்குகிறது. சீகலும் கூட்டாளிகளும் 1945-ல் வாங்கி, விற்று, ஃபிளமிங்கோவுக்கு முதல் போட்டது அதிலிருந்துதான். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் 1933-ல் கட்டிய பழைய தபால் நிலையமும் நீதிமன்றமும் உள்ளன. 1950 நவம்பரில் கெஃபாவர் குழு விசாரணை நடத்திய இரண்டாம் மாடி நீதிமன்ற அறை அப்படியே இருக்கிறது. 2012 முதல் அந்தக் கட்டடம் மாப் மியூசியம் என்ற பெயரில் அருங்காட்சியகமாக இருக்கிறது.